தாழ்மையும் தாழ்த்தப்படுதலும்: திண்டுக்கல் வட்டாரக் கிறித்தவ மன்றாட்டு மரபில் உள்ளத்து உண்மையின் சோதனை

ஆய்வுச் சுருக்கம்

மன்றாட்டுக்கு உள்ளத்து உண்மையும் தாழ்மையும் இன்றியமையாதன என்பது கிறித்தவ சபைகள் அனைத்தும் ஒப்பும் போதனை. உடலைத் தாழ்த்தி நிற்பது சாதியால் விதிக்கப்பட்ட கடமையாக இருந்த ஒரு சமூகத்தில், தாழ்ந்து நிற்பவரின் உள்ளத்தை எதனைக் கொண்டு அறிவது என்னும் சிக்கல் எழுந்தது. திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் மையமாகக் கொண்டு, இயேசு சபையாரின் மதுரை மிஷன், அமெரிக்க மதுரை மிஷன், மக்களின் நேர்த்திக்கடன் மரபு ஆகியவை இச்சிக்கலை எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. 1847ஆம் ஆண்டின் சமபந்திச் சோதனை இதில் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

கருச்சொற்கள்: மன்றாட்டு, தாழ்ச்சி, மதுரை மிஷன், சமபந்தி, கீர்த்தனை, அசனம், திண்டுக்கல்

தொலைவில் நிற்றல்

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், கோயிலுக்கு மன்றாடச் சென்ற இருவரைப் பற்றிய உவமை இடம்பெறுகிறது. பரிசேயர் தம் நோன்பையும் காணிக்கையையும் எண்ணிச் சொல்கிறார். ஆயக்காரர் தொலைவில் நின்று, தலைநிமிரத் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கத்தை மட்டும் கேட்கிறார். இறைவனுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியவர் இரண்டாமவரே. மன்றாட்டில் தாழ்மை குறித்துப் போதிக்கும் எந்தக் கிறித்தவ மரபும் இவ்வுவமையைத் தொடாமல் செல்வதில்லை.

திண்டுக்கல் சமவெளியில் இவ்வுவமை வாசிக்கப்பட்டபோது அதன் பொருள் சற்றே இடம்பெயர்ந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. ‘ஆயம்’ என்பது சுங்கத்தையும் வரியையும் குறிக்கும் சொல். நாயக்கர் ஆட்சி, மைசூர் ஆட்சி, 1792 உடன்படிக்கைக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி என்று மாறிமாறி வரி செலுத்திய நிலப்பகுதி இது. இங்கு ஆயம் தண்டியவர் ஊரார் அஞ்சி வழிவிட்ட அதிகாரத்தின் முகம். ஒதுங்கி நின்றவர் அவரல்லர். தொலைவில் நின்றவர்கள், கண்ணை ஏறெடுத்துப் பார்க்கக் கூடாதவர்கள், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து பேச வேண்டியவர்கள் சேரியில் வாழ்ந்தார்கள். உவமையில் ஆயக்காரர் தாமே விரும்பி மேற்கொண்ட உடல்நிலை, இவ்வூர்களில் பிறப்பால் ஒருவர்மேல் சுமத்தப்பட்ட உடல்நிலையாக இருந்தது.

ஆகவே, குனிந்து நிற்கும் ஒருவரைக் கண்டு அவர் உள்ளமும் குனிந்திருக்கிறது என்று கொள்ள இங்கு வழியில்லை. நிலவுடைமையாளர் முன் நாள்தோறும் செய்யும் அதே வணக்கத்தை அவர் பீடத்தின் முன்னும் செய்கிறார். நிமிர்ந்து நடப்பவர் கோயிலில் மட்டும் முழந்தாளிடுவது ஒரு செயல். எங்கும் குனிந்தே இருப்பவர் கோயிலிலும் குனிவது வேறொரு செயல். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உள்ளத்தின் உண்மையைத் தேடி வந்த மறைப்பணியாளர்கள் எதிர்கொண்ட உண்மையான இடர்ப்பாடு இதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

சொற்களின் சாட்சியம்

தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’. அன்றிக்கே அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றீக்கசு ஆக்கிய அச்சிறு நூலின் தலைப்பே உடலசைவு ஒன்றைக் குறிக்கும் சொல்லைக் கொண்டது. வணங்குதல் என்பதன் அடிப்பொருள் வளைதல். அதனையடுத்து 1580இல் அவர் வெளியிட்ட ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல். வளையும் உடலுக்கு ஒரு நூல், மறைந்த உள்ளத்தைத் திறந்து காட்ட மற்றொரு நூல் என்ற வரிசை தற்செயலானதே. எனினும் பின்னர் வந்த முந்நூறு ஆண்டுச் சிக்கலின் சுருக்கம் இவ்விரு தலைப்புகளிலும் இருக்கிறது.

கத்தோலிக்கப் பழைய செபநூல்கள் இந்நற்பண்பைத் ‘தாழ்ச்சி’ என்றன; சீர்திருத்தச் சபையார் ‘தாழ்மை’, ‘மனத்தாழ்மை’ என்றனர். இரண்டும் ‘தாழ்’ என்னும் வேரினவே. ‘தாழ்ந்த குலம்’, ‘தாழ்ந்த சாதி’ என்ற வழக்குகளும் அதே வேரின. இரட்டுறல் ஒன்று இதனால் தமிழ்ப் போதனையில் தானாகவே நுழைந்துவிட்டது. வள்ளுவர் இதனை ஒத்த பண்புக்கு ‘அடக்கமுடைமை’ என்ற பெயரைக் கொண்டார். அச்சொல்லில் உயர்வு தாழ்வு என்னும் ஏணி இல்லை. கிறித்தவ உரைநடை அதைத் தேர்ந்திருக்கலாமே என்று வாசிக்குந்தோறும் தோன்றுகிறது.

பொய்ம்மையைக் குறிக்கவும் இரு சொற்கள் நிலைபெற்றன. 1871இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதலில் ‘மாயக்காரர்’ என்றும், 1995இன் பொது மொழிபெயர்ப்பில் ‘வெளிவேடக்காரர்’ என்றும் வருவன ஒரே கிரேக்கச் சொல்லின் பெயர்ப்புகள். முன்னது ஏமாற்றுதலையும் பின்னது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள முரணையும் முன்னிறுத்துகின்றன. வேடம் புனைதல் தெருக்கூத்தும் பண்டாரக் கோலமும் அறிந்த ஊர்களுக்குப் புதிதன்று. ஒடுக்கப்பட்டோரிடையே பணிபுரிவதற்கென 1640 முதல் இயேசு சபைக் குருக்கள் சிலர் பண்டாரசாமிகளாகக் கோலம் பூண்டதும் ஒருவகை வேடமே.

மனப்பாடமும் மனமும்

‘செபம்’ அல்லது ‘ஜெபம்’ என்பது வடமொழி ஜபத்தின் வழிவந்தது. முணுமுணுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் அதன் பொருள். கத்தோலிக்கர் தம் அடிப்படைச் செபங்களை ‘பரலோக மந்திரம்’, ‘பிரியதத்த மந்திரம்’, ‘விசுவாச மந்திரம்’, ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ என மந்திரங்களாகவே வழங்கினர். மந்திரத்தைப் பிழையின்றிச் சொல்வதே முதற்கடமை. திண்டுக்கல்லைச் சூழ்ந்த சிற்றூர்களுக்குக் குருக்கள் ஆண்டில் ஓரிருமுறை வருவதே அரிதாக இருந்த நிலையில், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி இம்மந்திரங்களைச் சொல்லவைத்தவர் உபதேசியார். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின், 1837இல் பிரெஞ்சு இயேசு சபையார் புதிய மதுரை மிஷனைத் தொடங்கும் வரை, இப்பகுதிக் கத்தோலிக்கத்தைக் காத்ததில் மனப்பாடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று மறைமாவட்டப் பேராலயமாக விளங்கும் திண்டுக்கல் புனித வளனார் ஆலயம் 1866க்கும் 1872க்கும் இடையில் கட்டப்பட்டபோது அதனுள் ஒலித்த தமிழ், பெரும்பாலும் தலைமுறைகளாக வாய்வழி வந்த தமிழே.

மனப்பாடம் உள்ளத்தைத் தொடாமல் போகலாம் என்பதை இயேசு சபையார் அறியாதவர்களல்லர். வீரமாமுனிவர் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ உபதேசியார்களுக்கென்றே எழுதப்பட்ட உரைநடை நூல். பிறருக்கு வேதம் சொல்பவர் தம் உள்ளத்தை எவ்வாறு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் அக்கறை. குருவின் கோலமும் குருவின் தகுதியும் வேறுவேறு என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன ‘பரமார்த்த குரு கதை’யும் அவருடையதே. உள்ளத்து உண்மைக்கு அவர்கள் கண்ட களம் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அது தனிமையானது, இரகசியம் காப்பது.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கும், மறு ஆண்டில் திண்டுக்கல்லுக்கும் வந்த அமெரிக்க மிஷனரிகள் இதற்கு நேர்மாறான மரபினர். நியூ இங்கிலாந்தின் கொங்கிரிகேஷனல் சபைகளில் எழுதிவைத்த செபத்துக்கு மதிப்புக் குறைவு; அந்தந்த நேரத்தில் உள்ளத்திலிருந்து எழும் சொற்களே மெய்யான செபம் என்பது அவர்கள் துணிபு. திருவிருந்தில் பங்குபெறும் முழு உறுப்பினராக ஒருவரை ஏற்பதற்கு முன் அவருடைய மனமாற்றத்துக்குச் சான்று கேட்கப்பட்டது. இந்தோனேசியாவின் சும்பா தீவில் டச்சுப் புராட்டஸ்டண்ட் மரபை ஆராய்ந்த வெப் கீன், சொல்லும் உள்ளமும் ஒன்றாதலையே மதமாற்றத்தின் அளவுகோலாக மிஷனரிகள் கொண்டதை விளக்கியுள்ளார். திண்டுக்கல்லுக்கும் அது பொருந்தும். ஆனால் தானாக எழும் சொல்லும் விரைவில் வாய்ப்பாடாகிவிடும். ‘பாவியாகிய அடியேன்’ என்று பலமுறை கேட்டவருக்கு அதைத் தானே எழுந்ததுபோலச் சொல்ல எவ்வளவு காலம் பிடிக்கும்? சொல்லைக் கொண்டு உள்ளத்தை அளக்க இயலாது என்று கண்டபோது மிஷன் உணவைக் கையிலெடுத்தது.

1847: உணவு ஒரு சோதனை

1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியைத் துறக்காதவர் எவரும் சபையிலோ மிஷன் பணியிலோ நீடிக்க இயலாது என முடிவெடுத்தது. துறவு வாய்மொழியோடு நிற்கவில்லை. ‘அன்பின் விருந்து’ எனப்பட்ட பொது உணவில், ஒடுக்கப்பட்ட சாதியினர் சமைத்ததை அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்பதே சான்றாகக் கொள்ளப்பட்டது. விளைவு கடுமையானது. உபதேசியார்கள் பலர் விலகினர். திருமங்கலத்தில் 1842இல் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாறியிருந்த செமினரியின் மாணவர்கள் பெருமளவில் வெளியேறினர். திண்டுக்கல் நிலையமும் இவ்விதிக்கு உட்பட்டதே.

விலகியவர்களில் நாள்தோறும் குடும்பச் செபம் நடத்தியவர்களும், தாழ்மையைப் பற்றிப் பிறருக்குப் போதித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் அனைவரும் மாயக்காரர்களா? மிஷனின் விடை ஆம் என்பதாகவே இருந்தது: இறைவன் முன் தன்னைப் புழு என்பவர், சக மனிதர் சமைத்த சோற்றை மறுத்தால் அவர் செபம் பொய். தருக்கத்தில் இதை மறுப்பது கடினம். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் இதே நிலைப்பாட்டை ஏற்றது.

ஒப்பாதவர்கள் லைப்சிக் லுத்தரன் மிஷனார். 1849 முதல் 1853 வரை தென்னிந்தியாவில் தங்கியிருந்த அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி உள்ளிருந்து கரைய வேண்டும், வெளியிலிருந்து திணிக்கும் விருந்து வேலையை இழக்க அஞ்சி உண்பவர்களையே உருவாக்கும் என்ற நோக்கில் வாதிட்டார். டங்கன் ஃபாரஸ்டர் ‘சாதியும் கிறித்தவமும்’ பற்றிய தம் நூலில் இவ்விவாதத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார். சாதியை வெறும் சமூக வரிசையாகக் கண்ட கிரவுலின் பார்வை இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் அவர் சுட்டிய ஒன்று புறக்கணிக்கத்தக்கதுமன்று. சம்பளம் தரும் கை நீட்டிய இலையில் உண்பது உள்ளத்துக்குச் சான்றாகுமா? மிஷனரியின் பார்வையில் உண்ட உபதேசியார், சுவரின் அப்பால் மறுநாளே பழைய ஒழுங்குக்குத் திரும்பியிருக்கலாம். மாயத்தைக் களைய வந்த சோதனை புதிய மாயத்துக்கு இடமளித்தது.

ஆயினும் இவ்விவாதத்தின் இருதரப்பும் காணாத ஒன்று எனக்கு முதன்மையாகப் படுகிறது. விருந்தில் சோதிக்கப்பட்டவர் யார்? வேளாளரும் பிற இடைநிலைச் சாதியினரும். இறங்கி வருவதாகக் கருதப்பட்டவர்கள் அவர்கள். தாழ்மை என்ற சொல் அவர்களுக்கே பொருந்தியது. அடுப்படியில் நின்று சமைத்தவருக்கோ, அப்பந்தியில் அமர்வது தாழ்தலாகாது, அது எழுச்சி. அவர் எதையும் துறக்கவில்லை. அதுவரை மறுக்கப்பட்டதைப் பெற்றார். பந்தியில் எழுந்து அமர்ந்தவர், அடுத்த ஞாயிறு செபத்தில் மீண்டும் தாழ்மையாக இருக்கும்படி போதிக்கப்பட்டார். ஒருவருக்கு மருந்தான சொல் மற்றவருக்கு நோயின் பெயராகவே இருந்தது. விருந்தின் சோதனை அநீதியைக் குறிவைத்த அளவில் சரியானது, உள்ளத்தை வாசிப்பதாக எண்ணிய அளவில் பிழையானது என்பதே என் மதிப்பீடு.

கத்தோலிக்கத் தரப்பில் இத்தகைய பொதுச் சோதனை நடைபெறவில்லை. பிரிவினை கட்டடத்துக்குள்ளேயே ஏற்கப்பட்டது. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பகுதியாக மக்கள் நின்றதை ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் ஆவணப்படுத்தியுள்ளார். ஒரே பலிப்பீடத்தை நோக்கி, ஒருவரையொருவர் காணாமல், ஒரே தாழ்ச்சி மந்திரத்தை இரு கூட்டத்தார் சொன்னார்கள்.

தன்னைத் தாழ்த்திப் பாடும் உரிமை

1853இல் மதுரை மிஷனைச் சேர்ந்தவரும் திண்டுக்கல் நிலையத்தில் பணியாற்றியவருமான எட்வர்ட் வெப், வழிபாட்டுக்கான தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள் அதில் பேரிடம் பெற்றன. ஆங்கில மெட்டில் மொழிபெயர்ப்புப் பாடல்களைப் பாடிவந்த சபைகளுக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு வழிபாட்டுரிமை பெற்றது. உள்ளத்திலிருந்து எழாத சொல்லை ஐயுற்ற அதே மரபு, வேறொருவர் உள்ளத்திலிருந்து எழுந்த சொல்லைப் பாட்டாக ஏற்றுக்கொண்டது. அதற்கான காரணம் எளிது. மக்கள் அழுதது கீர்த்தனையில்தான்.

இங்கே ஒரு முரண். 1820களின் இறுதியில் தஞ்சையில் புதிய மிஷனரிகளை எதிர்த்துச் சாஸ்திரியார் எழுதியபோது, அவர்களின் கொடுமைகளாக நான்கைச் சுட்டினார்: வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதிகளைக் கலந்து அமரவைத்தல், பூவும் அணியும் விலக்குதல், தமிழ்ப் பாடல்களைத் தடுத்தல். டென்னிஸ் ஹட்சன் இதனை விரிவாக ஆய்ந்துள்ளார். வெப் ஏற்ற கீர்த்தனையும், வெப்பின் மிஷன் ஆறு ஆண்டுகளுக்கு முன் விலக்கிய சாதி ஒழுங்கும் சாஸ்திரியாருக்கு ஒரே பண்பாட்டின் இரு கூறுகள். பாட்டில் தம்மைக் கடையராக வைத்துப் பாடிய புலவர், பந்தியில் தம் இடத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். இதை வெளிவேடம் என்று எளிதில் முடித்துவிடுவது வரலாற்றுக்கு நியாயம் செய்யாது. பக்தி மரபில் தன்னை இழித்துரைத்தல் இறைவனுக்கும் அடியவருக்கும் இடையிலான மொழி. ஊராருக்கும் தனக்கும் இடையிலானதன்று. பாண்டியன் அமைச்சராகப் போற்றப்படும் மாணிக்கவாசகர் தம்மை ‘நாயேன்’ எனலாம். அமைச்சர் அவ்வாறு சொல்வதால்தான் அச்சொல் சுடர்கிறது. வேளாளராகப் பிறந்து கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய மனோகரமும் இம்மொழியின் தொடர்ச்சியே.

பிறர் வாயால் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் அதே சொல்லைத் தம்மேல் இட்டுப் பாடும்போது நிகழ்வது வேறு. இதைக் கூர்மையாக உணர்ந்தவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ‘பறட்டை’ ஜே. தியாபிலஸ் அப்பாவு (மறைவு 2005). கருநாடக இசைக் கீர்த்தனையின் இடத்தில் நாட்டுப்புற இசையையும் பேச்சுத்தமிழையும் வைத்து வழிபாட்டு முறைகளை அவர் ஆக்கினார். ‘ஒரே உலை’ என்பது அவர் இறையியலின் நடுப்புள்ளி. அன்றாட உணவுக்கான மன்றாட்டை, ஒரே பானையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் கடமையாக அவர் வாசித்ததை சோயி ஷெரினியன் விளக்குகிறார். 1847இன் விருந்தை நினைவில் கொண்டு இதைப் படிக்க வேண்டும். உணவே மீண்டும் அளவுகோலாகிறது. ஆனால் இம்முறை சமைத்தவர் பேசுகிறார்.

நேர்த்தியும் அசனமும்

திண்டுக்கல் நகரின் முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடைபெறுகிறது. திருச்சபை நாட்காட்டியில் அவருக்குரிய நாள் சனவரி 20. கொள்ளைநோய்க் காவலராகக் கருதப்படும் இப்புனிதரிடம் வேண்டிக்கொண்டவர்கள், வேண்டுதல் நிறைவேறியதும் ஆடு, கோழி, அரிசி, காய்கறி எனக் கொண்டுவந்து செலுத்துகின்றனர். கிறித்தவரல்லாதாரும் இதில் அடங்குவர். நூற்றுக்கணக்கான ஆடுகளும் ஆயிரக்கணக்கான கோழிகளும் பெரிய அண்டாக்களில் பிரியாணியாகச் சமைக்கப்பட்டு, வந்தோர் அனைவருக்கும் அசனமாக வழங்கப்படுகின்றன.

இறையியலாளர் சிலர் இத்தகைய வேண்டுதலைப் பண்டமாற்று என்று குறைகூறுவதுண்டு. அவ்வாறு பார்த்தால் ஆட்டைக் கொண்டுவருபவர் தம் காணிக்கையை எண்ணிய பரிசேயருக்கு நெருக்கமானவர். ஆனால் தமிழ்ச் சொல் வேறு திசையைக் காட்டுகிறது. நேர்தல் என்பது உடன்படுதல், வாக்களித்தல். அதிலிருந்து நேர்த்தி, நேர்மையும் அதே வேருக்கு உறவு. இம்மரபில் செபத்தின் உண்மை என்பது செபிக்கும்போது உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதைப் பொறுத்ததன்று. சொன்ன சொல்லை ஓராண்டு கழித்துக் கடனாக எண்ணிச் செலுத்தினாரா என்பதைப் பொறுத்தது. உள்ளத்தை வாசிக்கும் மிஷனரியும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவும் இங்குத் தேவையில்லை. கடன்பட்டவருக்கும் புனிதருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு அது.

இவ்வசனத்தை மிகைப்படுத்திப் போற்றவும் கூடாது. இராமநாதபுரம் பகுதிச் சிற்றூரில் ஆய்ந்த டேவிட் மாசே காட்டியதுபோல, புனிதர் திருவிழாக்கள் முதல்மரியாதைக்கும் தேர்வடத்துக்கும் சாதிகள் மோதிய களங்களாகவும் இருந்துள்ளன. ஓர் இரவின் பொது உணவு, வீட்டு வாசலிலும் மணவுறவிலும் உள்ள எல்லையைத் தானே அழித்துவிடுவதில்லை. ஆயினும் 1847இன் விருந்தோடு ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவு. அங்கே ஒவ்வோர் இலையும் கண்காணிக்கப்பட்டது. உண்டவர் பெயரும் மறுத்தவர் பெயரும் மிஷனுக்குத் தெரிந்திருந்தன. முத்தழகுபட்டியில் வரிசையில் நிற்பவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. அண்டாவில் ஏறிய பின் எந்த ஆடு எவருடைய நேர்த்தி என்று பிரித்தறியவும் முடியாது. கொடுத்தவரும் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு அதே வரிசையில்தான் நிற்கிறார்.